பரட்டை அண்ணன் பாட்டும் பல்கலைக்கழகக் காதும்

பாட்டை ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. பாட்டைக் கேட்கிறீர்களா, படிக்கிறீர்களா?

நம் பல்கலைக்கழகங்களின் நாட்டுப்புறவியலில் இதுவரை நடந்தது பெரும்பாலும் படிப்புதான். சேரிக்குப் போவது, ஒரு கிழவியைப் பாடச் சொல்வது, சொல்லை மட்டும் எழுதிக்கொள்வது, தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி என்று பிரித்து அத்தியாயம் போடுவது. பட்டம் வாங்கியாச்சு. மெட்டு போச்சு, தாளம் போச்சு. பாடிய கிழவி 'தகவலாளி' என்று பின்னிணைப்பில் ஒரு வரியாகிப் போனாள். நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுத்தபோது அது செய்தே ஆக வேண்டிய வேலையாக இருந்தது. உழைக்கிறவன் பாட்டும் இலக்கியம் என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர்கள் சொல்லைப் பொறுக்குவதோடு நின்றுவிட்டார்கள்.

இதற்கு மாறாக நடந்த ஓர் ஆய்வைத் தோழர்கள் அறிய வேண்டும். அது பரட்டை அண்ணனைப் பற்றியது.

ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். தலித் சமூகத்தில் பிறந்த பாதிரியார். பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், அவரே பாடுவார். 'பரட்டை' என்றால் எண்ணெய் காணாத தலை. ஊரில் யாரை ஏசச் சொல்லுவாங்கன்னு நமக்குத் தெரியும். அந்த ஏச்சையே பேராக எடுத்துக்கொண்டார். மேல்நாட்டு இசையும் கர்நாடக இசையும் அறிந்தவர். அறிந்திருந்தும் கிராமத்து மெட்டுகளில்தான் தன் இறையியலைப் பாடினார்.

ஏன் என்பதில்தான் விசயம் இருக்கிறது. தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபைகளில் இரண்டு இசை ஆட்சி செய்தது. ஒன்று வெள்ளைக்கார மிஷனரி கொண்டுவந்த ஞானப்பாட்டு. இன்னொன்று கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை. கீர்த்தனைக்குப் பெரிய பேர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவர் பெரிய கவிஞர், மறுக்கவில்லை. ஆனால் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க மிஷனரிகள் முயன்றபோது, அதை எதிர்த்து 1829இல் எழுதியவரும் அவரேதான். அந்த ராகத்துக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருக்கிறது, சொல்லை மாற்றினால் மட்டும் போதாது என்று பரட்டை கண்டார். சபையில் பெரும்பாலானோர் தலித்துகளாக இருந்தும், அவர்கள் மெட்டு வெளியே நின்றது. பறையோ சாவுக்கு அடிப்பது, ஆல்டர் பக்கம் வரலாகாது என்றார்கள். ஒடுக்கப்பட்டவன் பாடும் மெட்டிலேயே அவன் விடுதலை பேசப்பட வேண்டும் என்பது அவர் முடிவு. 1986இல் 'ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

கர்த்தருடைய செபத்தை அவர் பாட்டாக்கியபோது கடவுளைப் 'பிதாவே' என்று கூப்பிடவில்லை. 'பெத்தவரே' என்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல், நம்ம தெருச் சொல். 'ஒரு ஒலை' என்பார்: ஒரே உலையில் பொங்கி எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது. ஒன்றாக உண்ண மறுப்பதில்தான் சாதி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தவர் பேச்சு இது.

இவரிடம் அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவி வந்தார். ஜோயி ஷெரினியன். 1998இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கிறித்தவ இசையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு முடித்தார். 2014இல் தமிழ் நாட்டார் இசையைத் தலித் விடுதலை இறையியலாகப் பார்க்கும் அவருடைய புத்தகம் இந்தியானா பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வந்தது. இடையில், 2011இல், பறையைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இரண்டு. பரட்டையை அவர் தகவலாளி ஆக்கவில்லை. சிந்தனையாளராக வைத்து வாதாடுகிறார். அடுத்தது, பாட்டின் பொருளைச் சொல்லில் மட்டும் தேடவில்லை. மெட்டு, தாளம், கருவி, யார் பாடுகிறார்கள், எங்கே பாடுகிறார்கள் என்று எல்லாவற்றிலும் தேடுகிறார். இதை ஒரு வெள்ளைக்காரம்மா வந்துதான் செய்யணுமா என்று சில தோழர்கள் கோபப்படுகிறார்கள். கோபம் சரி. அது யார் மேல் போகணும்? நான் படித்த கல்லூரியில் ஆய்வுத் தலைப்பாகச் சபைப் பாட்டையும் பறையையும் எழுதிக்கொண்டு போனேன். "இது இலக்கியமும் இல்ல, சங்கீதமும் இல்ல, எந்தத் துறையில தம்பி சேக்கறது?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் ஒரு பேராசிரியர். கடைசியில் சிலப்பதிகாரத்தில் செய்தேன்.

இளையராஜாவைப் பற்றி எழுதுகிறவர்களையும் பாருங்கள். பிரேம்–ரமேஷ் 1998இல் கொண்டுவந்த புத்தகம் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், மற்றவர் புகழ்ச்சியெல்லாம் ஒரே பாட்டு: அவர் பாக்கைத் தொட்டார், தியாகராஜரைத் தொட்டார். பண்ணைப்புரத்து மெட்டு எதையும் தொடாமலே பெரிசு என்று சொல்ல வாய் வராது. பாவலர் வரதராசன் மேடைமேடையாகப் பாடிய பாட்டுகளை இசையாக வைத்து ஆராய இங்கே எத்தனை பேருக்குத் தோன்றியது? நம்மிடம் கே.ஏ. குணசேகரன் (1955–2016) இருந்தார். அவரே பாடகர், அவரே ஆய்வாளர், 'வடு' எழுதியவர். இன்குலாப்பின் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன தொண்டை அது. அப்படி ஒருவரை வைத்துக்கொண்டும் நாம் இசையைக் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்கும் சாமானாகத்தான் பயன்படுத்தினோம். பாட்டு முடிந்ததும் தலைவர் பேசுவார்.

பரட்டை சொன்னதில் ஆய்வாளர்களுக்கு இடறுகிற ஒன்று உண்டு. என் பாட்டை அப்படியே பாடாதீங்க, மாத்திப் பாடுங்க என்பது அவர் கொள்கை. வாய்வழியாகப் போகிற பாட்டை எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. பாடுகிறவர் தன் கஷ்டத்துக்குத் தக்கபடி மாற்றலாம். அச்சிட்டு, ஸ்வரம் போட்டு இறுக்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். அப்படியானால் அவர் எழுதியது எது என்று தேடுவது பாதி வேலைதான். மக்கள் மாற்றியது எது? ஷெரினியன் கிராமங்களுக்குப் போய் இதையும் பார்த்திருக்கிறார். நாம் பார்க்கவில்லை.

நான் ஆலங்குளத்துக்காரன். ஒரு பக்கம் அரசு சிமெண்ட் ஆலை, சுற்றிலும் பட்டாசு ஆலைகள். எங்க ஊர்ப் பக்கம் பொம்பளைகள் திரி வெட்டுகையில், சரம் பின்னுகையில் பாடுவார்கள். சினிமா மெட்டு, கும்மி மெட்டு, ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்ட மெட்டு, எதுவானாலும் சொல் அவர்களுடையது. ஃபோர்மேன் பேர் வரும், கூலிக் கணக்கில் அடித்த பணம் வரும். பாமா 'சங்கதி'யில் பெண்கள் நினைத்த மாத்திரத்தில் பாட்டுக் கட்டுவதை எழுதியிருக்கிறார். அவர் ஊரும் இதே மாவட்டம்தான். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பத்தெட்டுப் பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். அந்தச் சாவுகளுக்குப் பாடிய ஒப்பாரியில் லைசென்சு, குத்தகை, நிவாரணக் காசோலை எல்லாம் வந்திருக்கும். எந்த நாட்டுப்புறவியல் துறையில் அதற்கு அத்தியாயம் இருக்கிறது?

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். மருந்து அறைக்கு இத்தனை பேர்தான், அதற்கு மேல் கூடாது என்பது விதி. செல்போன் உள்ளே போகக்கூடாது, பொறி பட்டால் எல்லாம் போச்சு. ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு வருகிற ஆய்வாளரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். ஆக அந்தப் பாட்டைக் காதில் வாங்கி, மனசில் ஏற்றி, வீட்டுக்கு வந்து பாடிப்பார்க்கிறவர்தான் அதை ஆராய முடியும். லீவு நாளில் அம்மாவோடு வேலைக்குப் போகிற பிள்ளைகள் சாத்தூர், சிவகாசி, விருதுநகர்க் கல்லூரிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படிக்கிற அந்தப் பிள்ளை இந்தத் தலைப்பை எழுதிக்கொண்டு போனால் தாளைத் திருப்பிக் கொடுக்காத ஒரு நெறியாளர் வேண்டும். அப்படி யாராவது இருந்தால் இதழுக்கு ஒரு கடிதம் போடுங்கள். மாணவர்களை நான் அனுப்புகிறேன்.