ஆட்டமும் கூலியும்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பணத்துக்காக விளையாடுகிறவன் உண்மையான விளையாட்டு வீரன் அல்லன் என்று சொல்வோர் இன்றும் உண்டு. கேட்பதற்கு உயர்ந்த கருத்துப்போலத்தான் இருக்கிறது. ஆனால் அது யார் வீட்டில் பிறந்தது, யார் வயிற்றில் அடித்தது என்பதை ரக்பி ஆட்டத்தின் வரலாறு காட்டிவிடுகிறது.

நம்மில் பலர் ரக்பியை நேரில் கண்டதில்லை. முட்டை வடிவப் பந்து. யூனியன் வகையில் அணிக்குப் பதினைந்து பேர். பந்தை ஏந்தி ஓடுகிறவனை எதிரணியினர் மோதிக் கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். அது குற்றமன்று, ஆட்டமே அதுதான். சிறு தவறு நேர்ந்து ஆட்டம் நின்றால், இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலை குனிந்து, தோள் பிணைத்து, முட்டித் தள்ளுவார்கள். இதற்கு ஸ்கிரம் என்று பெயர்.

இங்கிலாந்தின் வடபகுதியில் இதை ஆடியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். வேலையை விட்டு ஆடப்போனால் கூலி போயிற்று. இழந்த கூலியையாவது கொடுக்க அனுமதியுங்கள் என்று வடபகுதிக் கிளப்புகள் கேட்டன. கூலியை நம்பி வாழாத கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் இருபதுக்கு மேற்பட்ட கிளப்புகள் கூடித் தனியே பிரிந்தன. பின்னாளில் ரக்பி லீக் ஆனது அதுவே. அவர்கள் அனுமதித்த ஈட்டுத்தொகை நாளொன்றுக்கு அதிகபட்சம் ஆறு ஷில்லிங். ஆறு ஷில்லிங்குக்காக ஓர் ஆட்டமே இரண்டாக உடைந்தது! மறுபக்கம் நின்ற ரக்பி யூனியன் நூறாண்டு கழித்து, 1995 ஆகஸ்டில்தான், பாரிஸ் நகரில் சம்பளத்தை ஏற்றது. மிகத் தாமதமாக வந்த நீதி என்றே அதைச் சொல்வேன்.

ஆனால் சம்பளம் கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டதா?

ஸ்டீவ் தாம்ப்ஸன் என்பவரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து அணியின் ஹூக்கர். அதாவது ஸ்கிரம்மின் முன்வரிசையில் நடுவே நிற்பவர். 2003 நவம்பர் 22 அன்று சிட்னியில் உலகக் கோப்பை இறுதியாட்டம். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். பக்கக் கோட்டிலிருந்து தாம்ப்ஸன் நெடுந்தூரம் எறிந்த பந்தை மூடி பிடித்தார். அங்கிருந்து பந்து கைமாறிக் கைமாறி வில்கின்ஸனிடம் போய்ச்சேர, அவர் வலது காலால் உதைத்துக் கம்பத்துக்குள் அனுப்பினார். 20-17. இங்கிலாந்து வென்றது.

அந்த வெற்றி தாம்ப்ஸனுக்கு நினைவில் இல்லை. 2020 டிசம்பரில், 42 வயதில், தமக்கு இளவயது மறதிநோய் கண்டிருப்பதாக அவர் அறிவித்தார். கழுத்துக் காயத்தால் 2007இல் விலகி, மீண்டும் வந்து ஆடி, 2011இல் அதே கழுத்துக் காயத்தால் ஓய்வு பெற்றவர் அவர். கழுத்தின் வலி தெரிந்தது. மூளையின் சேதம் அப்போது தெரியவில்லை.

இயற்பியல் மாணவனுக்கு இதில் பெரிய புதிர் இல்லை. ஓடிவரும் உடல் சட்டென்று நிறுத்தப்படுகிறது. மண்டையோடு நின்றுவிடுகிறது, உள்ளே நீரில் மிதக்கும் மூளை நிற்பதில்லை, நிலைமத்தால் முன்னே போகிறது. மெத்தென்ற தலையுறை காதையும் தோலையும் காக்குமே தவிர, இதைத் தடுக்காது. முன்பெல்லாம் பகலில் வேலை பார்த்து மாலையில் பயிற்சி செய்தார்கள். சம்பளம் வந்த பிறகு பயிற்சியே முழுநேர வேலை. உடலின் எடை கூடிற்று, வேகம் கூடிற்று, எனவே உந்தமும் கூடிற்று. மயக்கம் வராத சிறு மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன. பயிற்சியில் ஸ்கிரம் இயந்திரத்தை ஓயாமல் முட்டியதைத் தாம்ப்ஸனும் சொல்லியிருக்கிறார்.

அவரும் வேறு சில முன்னாள் வீரர்களும் உலக அமைப்பின்மீதும், இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்களின்மீதும் வழக்குத் தொடுக்க முன்வந்தனர். பின்னர் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். "தெரிந்துதானே ஆடினார்கள்? சம்பளமும் வாங்கினார்கள் அல்லவா?" என்று கேட்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் கெட்டால், கூலி வாங்கினாயே என்று சொல்லி அனுப்பிவிடுவோமா? கூலி அன்றைய உழைப்புக்கு, நுரையீரலுக்கு அன்று. வீரனின் மூளைக்கு மட்டும் வேறு கணக்கு ஏன்?

2021இல் உலக ரக்பி அமைப்பு, முழு மோதலுடன் கூடிய பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றது. நல்ல எண்தான். ஆனால் பரிந்துரையாகத்தான் வந்தது. அந்தப் பதினைந்து நிமிடம் ஒவ்வொரு வீரனின் ஒப்பந்தத்திலும் சம்பளத் தொகைக்கு அடுத்த வரியில் எழுதப்பட வேண்டும். அதற்கடுத்த வரியில், ஓய்வு பெற்றபின் அவனுடைய மருத்துவச் செலவு யாருடையது என்பதும்.