கோல் காத்தவர் கோச் ஆனார், நம் பையன்?

மாமல்லபுரம் மணலில் பந்தாடும் நம் பையன்களில் கோல்கீப்பராக நிற்க யாருக்கும் ஆசையில்லை. பீட்டர் தங்கராஜும் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஃபார்வர்டாகத் தொடங்கியவர்தான். கோல்கீப்பராகி 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தித் தங்கம் வென்றபோது கோலைக் காத்தவர் அவரே. 1967இல் அர்ஜுனா விருது. பிறகு பயிற்சியாளரானார், 2008இல் பொகாரோவில் இறந்தார். செங்கல்பட்டில் எத்தனை மாணவருக்கு இந்தப் பெயர் தெரியும், தோழர்களே?

அவரை ராணுவம் ஆளாக்கியது. நம்மை ஆடவிடுவார்கள், அணியைக் கையில் தரமாட்டார்கள். தலித் என்பதாலேயே பல்வங்கர் பாலூவுக்கு இந்துக்கள் கிரிக்கெட் அணியின் கேப்டன் பதவியை மறுத்தார்களே! தம்பி விட்டல்தான் 1923இல் கேப்டனானார்.

இன்று கோச்சிங் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கட்டணமும் கட்டி, கூலியையும் இழக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கக் கேட்டு மனு எழுதுகிறோம். கையெழுத்துப் போட வாருங்கள்.