ஹைட்ரேஞ்சியா பூக்கவில்லையா? கையைக் குறை சொல்லாதீர்கள்



யட்டவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 2023 இறுதியில் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்தவர். அதற்கு முன்பு நுவரெலியாவுக்கு உலாப் போன மாமி அங்கிருந்து ஒரு ஹைட்ரேஞ்சியாக் கன்று வாங்கி வந்து முற்றத்தில் வைத்திருக்கிறார். 2021, 2022 இரண்டு வருடமும் நீல நிறத்தில் பூத்ததாம். இவர் வந்தபின் 2024இலும் பூவில்லை, 2025இலும் பூவில்லை. தப்பித் தவறி வந்த ஒரு கொத்தும் நீலமாக இல்லாமல் ரோஸ் நிறமாக வந்திருக்கிறது. "உனக்குக் கைராசி இல்லை. இனி அந்தச் செடிக்கு நீ தண்ணீர் ஊற்ற வேண்டாம்" என்று மாமி சொல்லிவிட்டாராம். "செடிக்காக நான் அழவில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் அழுதேன்" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரியே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பதில் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. பெருநாளுக்கு முன் முற்றம் துப்புரவாக்கும்போது எல்லாச் செடிகளையும் ஒரே அளவாக வெட்டிவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022இல் கேஸ் கிடைக்காமல் போனதிலிருந்து விறகடுப்புத்தான், சாம்பலைப் பூமரங்களுக்குப் போடுகிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பூவைத் தடுத்தது வெட்டு. நிறத்தை மாற்றியது சாம்பல். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

முதலில் வெட்டு. பெரிய இலையும் பந்துபோன்ற பூக்கொத்தும் உள்ள இந்த ஹைட்ரேஞ்சியா, புதிதாக வளரும் தளிரில் பூப்பதில்லை. சென்ற வருடம் வளர்ந்த தடியின் நுனியில், குளிர் மாதங்களில் மொட்டுக் கருவைக் கட்டி வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு அது வெறும் தடித்த முளையாகத்தான் தெரியும். நம் பக்கத்தில் மார்கழி, தைக் குளிரில் கட்டும் அந்த மொட்டு, பின்னர்தான் விரியும். இடையில் நுனியை வெட்டினால் அந்த வருடத்துப் பூ குப்பைக்குப் போய்விடும்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். 2021இல் நோன்புப் பெருநாள் மே மாத நடுப்பகுதியில் வந்தது. 2022இல் மே தொடக்கத்தில் வந்தது. பூத்து முடிந்தபின் வெட்டியிருக்கிறீர்கள், செடிக்கு நட்டமில்லை. 2024இல் பெருநாள் ஏப்ரல் 10ஆம் திகதியளவில். 2025இல் மார்ச் 31. மொட்டோடு சேர்த்து வெட்டுப்பட்டிருக்கிறது. பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். செடியின் மாதமோ மாறாது. மருமகள் வந்த வருடமும் பெருநாள் முன்னே வந்த வருடமும் ஒன்றாக அமைந்ததுதான் இங்கே நடந்தது. ராசி பார்ப்பதும் சகுனம் பார்ப்பதும் நமக்குரிய வழக்கமும் அல்லவே!

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். பூ வாடியவுடன், அந்தக் கொத்துக்குக் கீழே உள்ள முதல் சோடித் தடித்த முளைக்குச் சற்று மேலே மட்டும் வெட்டுங்கள். அதன்பின் காய்ந்த தடியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். பெருநாளுக்குத் துப்புரவாக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்படி ஒரு துணித்துண்டைக் கட்டி வையுங்கள்.

அடுத்தது நிறம். ஹைட்ரேஞ்சியாவின் நீலம், மண்ணில் உள்ள அலுமினியம் பூவுக்குள் போய்ச் சேர்வதால் வருவது. மண் புளிப்பாக இருந்தால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறினால் அலுமினியம் கட்டுப்பட்டுவிடும்; அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். மண்ணின் பீஎச் அளவு 5.5க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5க்கு மேலே போனால் ரோஸ்; இடையில் ஊதா கலந்து வரும். வெள்ளைப் பூ இனம் மட்டும் எந்த மண்ணிலும் நீலமாகாது. நுவரெலியாவின் தேயிலை மண் புளிப்பானது. அதனால்தான் அங்கே நீலம் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது.

அடுப்புச் சாம்பல் சுண்ணாம்பைப் போலவே புளிப்பை முறிக்கும். மாத்தளைப் பக்கம் டொலமைட்டுக்கும் சுண்ணாம்புச் சூளைகளுக்கும் பெயர் போனது. மிளகு, தேயிலைக்குப் போட்ட டொலமைட் மீதியைப் பூமரத்தடியில் கொட்டுகிறவர்களும் உண்டு. புதிதாகக் கட்டிய சீமெந்து மதிலோரத்திலும் சுண்ணாம்பு ஊறும். நீலம் வேண்டுமானால் இவை மூன்றையும் விட்டு விலக்கி வையுங்கள். உக்கிய இலைக் கூட்டெருவும் தும்புத்தூளும் போடுங்கள். கடையில் வாங்கும் படிகாரத்தில் அலுமினியம் உண்டு. அதைப் பொடியாக்கி, ஒன்றரைத் தேக்கரண்டியை நான்கு லீற்றர் தண்ணீரில் கரைத்து, ஈரமான மண்ணில் மாதம் ஒருமுறை ஊற்றலாம். கூட்டிவிடாதீர்கள், வேர் கருகும். நிறம் ஒரு கிழமையில் மாறாது; அடுத்த பூவில்தான் தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மாத்தளை நகரம் ஏறத்தாழ 360 மீற்றர். வெப்பத்தில் பத்துப் பாகை அளவு வித்தியாசம் வரும். ஹைட்ரேஞ்சியா ஜப்பானிலிருந்து வந்த செடி; மொட்டுக்கட்ட அதற்குச் சில வாரக் குளிர் வேண்டும. ஹக்கலைப் பூங்காவில் பார்த்ததுபோல் செடி நிறையப் பந்து பந்தாக நம் முற்றத்தில் எதிர்பார்க்க முடியாது. கடையிலிருந்து பூவோடு வாங்கி வந்த செடி மறுவருடம் சும்மா நிற்பதும் இதனால்தான். அந்த முதல் பூ மலையின் குளிரில் கட்டிய மொட்டு. இங்கே நாலைந்து கொத்து வந்தாலே சந்தோஷப்படுங்கள்.

காலை வெயில் ஒன்பது, பத்து மணிவரை படும் இடம் நல்லது. அதன்பின் நிழல் வேண்டும். ஆனால் பலாமரத்தின் அடியில் வைத்தால் அதன் வேர் தண்ணீரைக் குடித்துவிடும். இந்தச் செடியின் பெயருக்கே கிரேக்க மொழியில் தண்ணீர்ப் பாத்திரம் என்றுதான் பொருள். நண்பகலில் இலை தொங்கினால் பயப்படாதீர்கள்; மாலையிலும் நிமிராவிட்டால்தான் தாகம். அடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. இலையிலும் மொட்டிலும் நச்சு உண்டு. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமலும் ஆடு கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்று உண்டாக்குவதும் எளிது. பூக்காத பச்சைத் தடியில் ஐந்தங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கழற்றி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்த சாடியில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஈரம் காயாமல் இருந்தால் மூன்று, நான்கு கிழமையில் வேர் பிடிக்கும்.

சகோதரியே, இந்த மழைக்கு இரண்டு சாடி ஆயத்தம் பண்ணுங்கள். ஒன்றில் நீங்கள் ஊன்றுங்கள். மற்றதில் மாமியை ஊன்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே நிழல், ஒரே தண்ணீர். இரண்டும் தளிர்க்கும்போது மாமியே பார்த்துக்கொள்வார். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. மறக்காமல், சாம்பல் வாளியை மட்டும் வேறு பக்கம் மாற்றி வைத்துவிடுங்கள்.