சவிட்டு நாடகமும் நம் தமிழும்



சென்ற மாதம் நம் சங்கத்துச் செயற்குழு கூடியபோது, ஆண்டு விழாவிற்கு என்ன நிகழ்ச்சி வைப்பது என்ற பேச்சு எழுந்தது. சினிமாப் பாட்டை ஒலிபெருக்கியில் முழங்கவிட்டு, அதற்கேற்பக் குழந்தைகளை ஆடவிடும் வழக்கம் பல ஆண்டுகளாக நடந்துவருவதை நாம் அனைவரும் அறிவோம். பெரியவர் ஒருவர் மட்டும், பாட்டும் கூத்துமாக ஒரு தமிழ் நாடகம் போடலாகாதா என்று கேட்டார். "கொச்சியில் தமிழ் நாடகத்திற்கு எங்கே போவது? சென்னையிலிருந்து குழுவை வரவழைக்கப் பணம் ஏது?" என்று மற்றொருவர் கூறவே, அனைவரும் ஆமென்று தலையசைத்தனர். நாமும் அசைத்தோம். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. பேச்சும் அத்துடன் முடிந்தது.

அத் தலையசைப்புக்காக இம் மாதம் வெட்கப்பட நேர்ந்தது. அந்தக் கதையையே இங்கு எழுதப் புகுந்தோம்.

நம்முடன் பார்சல் பகுதியில் பணி புரியும் மலையாள நண்பர் ஒருவர் வைப்பின் கரையைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் சவிட்டு நாடக ஆசான். "எங்கள் அப்பன் பாடுவது பாதிக்கு மேல் உங்கள் மொழிதான், ஒருமுறை வந்து கேளுங்கள்" என்று அவர் ஈராண்டுகளாக அழைத்து வந்தார். நாமும் ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்து வந்தோம். செயற்குழு முடிந்த அடுத்த ஞாயிறன்று, மனம் உறுத்தியதாலோ என்னவோ, கோட்டைக் கொச்சியில் ஜங்காரில் ஏறி அக்கரை சேர்ந்தோம்.

மாதா கோவில் வளாகத்தில் ஓலைக்கொட்டகை ஒன்றில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தரையினின்று இரண்டு முழம் உயர்த்திப் பலகை பாவிய மேடை. அதன்மேல் பன்னிரண்டு ஆடவர். மீன்பிடிப்போர் சிலர், கட்டட வேலை செய்வோர் சிலர், கல்லூரி மாணாக்கர் இருவர். செண்டையும் இலைத்தாளமும் முழங்க, அவர்கள் ஒரே சமயத்தில் வலக்காலை ஓங்கி மிதித்தபோது, மேடையினின்று எழுந்த ஓசை நம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. சவிட்டு என்னும் மலையாளச் சொல்லுக்கு மிதித்தல் என்பது பொருள். பெயர்க் காரணம் கேட்காமலே விளங்கிற்று. ஓசை அடங்குமுன் பின்னணியில் நின்றவர்கள் விருத்தம் ஒன்றை எடுத்தார்கள். நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பாடியது தமிழ், அதுவும் நாம் வீட்டில் பேசும் தமிழன்று, பள்ளிக்கூடத்தில் செய்யுட் பகுதியில் படித்த தமிழ்.

சவிட்டு நாடகம் எவ்வாறு தோன்றியது என்பதைப் பற்றிச் சிறிது கூறுவோம். போர்த்துக்கீசியர் 1503 இல் கொச்சியில் கோட்டை கட்டி, 1663 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழக்கும் வரையில் இக் கடற்கரையில் செல்வாக்குடன் இருந்தனர். அவர்கள் வரவிற்குப் பின், இலத்தீன் கத்தோலிக்க மக்களிடையே இக் கலை உருப்பெற்றது. நாட்டுக் கூத்துகளுக்கு ஈடாகப் புதிய சமயக் கதைகளைச் சொல்ல ஒரு கலை வேண்டியிருந்தது. அதற்குப் பாட்டெழுதித் தந்து ஆட்டம் பழக்கியவர் தமிழ்நாட்டினின்று வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழியாக வரும் செய்தி. தலைசிறந்த சவிட்டு நாடகமாகிய கார்ல்மான் சரித்திரத்தை அவர் பெயரோடு சேர்த்தே கூறுவர். வேதநாயகம் பிள்ளை என்ற மற்றொரு தமிழர் பெயரும் முன்னோடிகள் வரிசையில் வருகிறது. இவர் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரத்துப் பெரியவர் அல்லர். பெயரொற்றுமையால் நம் நேயர்கள் மயங்காதிருக்க இதைக் கூறினோம்.

கொச்சியில் கூத்துக்குத் தமிழ் எப்படி வந்தது என்று வியப்போர்க்கு ஒன்று சொல்வோம். 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறியது. அடுத்த ஆண்டே, 1579 இல், 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் இதே கொச்சியில் அச்சாயிற்று. நாம் நாள்தோறும் மீன் வாங்கக் கடந்து செல்லும் இத் தெருக்களுக்கு அருகில் எங்கோ ஓரிடத்தில், நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தமிழெழுத்தை அச்சுக் கோத்திருக்கிறார்! நாம் என்னவோ பிழைப்புக்காக வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நாடகத்தின் கதாநாயகனான கார்ல்மான் யாரெனில், கி.பி. 800 இல் உரோமாபுரியில் முடிசூடிய சார்லமேன் பேரரசன். அவனுடைய பன்னிரு வீரர்களும், மருமகன் ரோல்தானும் மேடையில் தோன்றுவர். வெல்வெட் அங்கி, சரிகை, கிரீடம், கையுறை, காலுறை என உடையெல்லாம் ஐரோப்பிய அரச உடை. இடையிடையே வந்து கேலி பேசுபவனோ நம் தெருக்கூத்தில் வரும் அதே கட்டியக்காரன்! பெண் வேடங்களையும் முற்காலத்தில் ஆடவரே புனைந்தனர். இப்போது பெண்களும் ஆடுகின்றனர். முழுக் கதையையும் பல இரவுகள் தொடர்ந்து ஆடிய காலம் ஒன்றிருந்தது. இப்போது ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றனர்.

அதே பேரரசன் கதையைப் போர்த்துக்கீசியர் ஆண்ட ஆப்பிரிக்கத் தீவாகிய சாந்தோமேயிலும் இசையும் ஆட்டமுமாக நடிக்கின்றனர். அதற்குச் சிலோலி என்று பெயர். ஒரே கதை இரு கடல்களில் சென்று, அங்கே ஒரு மொழியும் இங்கே தமிழும் பேசியிருக்கிறது. இலங்கையிலும் இப்படியே. யாழ்ப்பாணம், மன்னார் கத்தோலிக்கர் மூவிராசாக்கள் நாடகம், என்றிக் எம்பரதோர் நாடகம் எனக் கூத்தாடினர். கூத்துப் பழக்குபவரை அங்கு அண்ணாவியார் என்றே அழைப்பர். தமிழ்க் கூத்தின் வழியே சிங்களவரிடையே நாடகம என்னும் கலை வளர்ந்தது. அதனை அடியொற்றியே 1956 இல் எதிரிவீர சரச்சந்திரர் 'மனமே' நாடகத்தைப் படைத்துப் புகழ் பெற்றார்.

நிற்க. ஒத்திகை முடிந்ததும் ஆசான் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். எழுபதைக் கடந்தவர், இளமையில் வலை இழுத்த தோள். கட்டன் சாயா தந்து உபசரித்த பின், துணியில் சுற்றி வைத்திருந்த தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். ஓலைச் சுவடியினின்று அவருடைய ஆசான் பெயர்த்தெழுதியதாம். எழுத்து மலையாளம், சொல் தமிழ். நமக்குப் படிக்க வராததால் அவரே படித்துக் காட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து, "மோனே, ஐம்பது வருஷமாகப் பாடுகிறேன். இந்த மருவலர் என்றால் ஆரு? தமிழன் ஒருவனைப் பார்த்தால் கேட்கவேண்டும் என்றிருந்தேன்" என்றார்.

மருவுதல் என்றால் நெருங்குதல், கூடுதல் என்பது நமக்குத் தெரியும். மலையாளத்திலும் மருவுக என்றால் வாழ்தல் என்று பொருள். ஆகவே சிறிதும் தயங்காமல், "மருவலர் என்றால் அருகில் இருப்பவர், நண்பர்" என்று கூறிவிட்டோம். பத்தாம் வகுப்பில் தமிழில் எண்பத்தெட்டு மதிப்பெண் பெற்றவரல்லவா நாம்! ஆசான் ஒன்றும் கூறவில்லை. "அப்படியா?" என்று புத்தகத்தை மூடித் துணியில் சுற்றினார்.

இரவு வீடு திரும்பியபின் உறக்கம் வரவில்லை. எழுந்து, தந்தையார் விட்டுச்சென்ற அகராதியைப் புரட்டினோம். மருவலர்: பகைவர். பொருந்தாதவர், சேராதவர் என்பதே சொல்லின் அமைப்பு. ஒன்னார், நண்ணார் என்பவை போல இதுவும் எதிர்மறை. நேர்மாறான பொருளை ஒரு முதியவர் வீட்டில் அமர்ந்து, அவர் தந்த சாயாவைக் குடித்துக்கொண்டே சொல்லி வந்திருக்கிறோம். அவர் அதைப் பன்னிருவர்க்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால், பகைவரைக் கண்ட மன்னன் முகம் மலர்ந்து நிற்பானே! நம் இல்லத்தாரிடம் கூறியபோது, "போனில் சொல்லிவிடுவதுதானே?" என்றார். போனில் சொல்லும் பிழையாக அது நமக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு மீண்டும் சென்றோம். அகராதியையும் உடன் கொண்டுபோனோம். பிழையை ஒப்புக்கொண்டதும் ஆசான் வாய்விட்டுச் சிரித்தார். "பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. அந்த இடத்துச் சுவடு போர்ச் சுவடு. என் ஆசான் அப்படித்தான் பழக்கினார். நீர் நண்பன் என்றீர், கால் ஒப்பவில்லை. தமிழறிந்தவர் சொல்கிறாரே என்று எதிர்த்துப் பேசவும் மனம் வரவில்லை" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து, கூடத்துச் சிமெண்ட் தரையில் அந்தச் சுவட்டை மிதித்துக் காட்டினார். முழங்கால் வலியால் பாதியில் நின்றுவிட்டார். ஆயினும் பகைவர் எதிரில் நிற்பது நமக்குத் தெரிந்தது.

அன்று அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அமர்ந்தோம். இருபத்திரண்டு சொற்களுக்குப் பொருள் தெளிந்தது. ஒன்பதுக்கு நமக்கும் தெரியவில்லை, அகராதிக்கும் தெரியவில்லை. பெயர்த்தெழுதுகையில் சிதைந்தவையாகலாம்.

இக் கலையைத் தேடிப் பதிவு செய்தவர்களுள் முதலாகக் குறிப்பிடத்தக்கவர் கோதுருத்தைச் சேர்ந்த ஸபீனா ராபி அம்மையார். ஆசான்களிடமிருந்தும் சுவடிகளிலிருந்தும் திரட்டி, 1964 இல் 'சவிட்டு நாடகம்' என்னும் மலையாள நூலை அவர் வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் செய்யவேண்டிய பணி அது. கேரளப் பள்ளிக் கலைவிழாவின் போட்டிகளில் இக் கலை இடம் பெற்றபின், பிற சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். ஆசான்களுக்கும் வேலை கிடைக்கிறது. நல்லதே. எனினும் போட்டியில் மதிப்பெண் காலுக்கும் உடைக்கும் கிடைக்கிறது. சொல்லின் பொருளை யாரும் கேட்பதில்லை என்று ஆசான் குறைப்பட்டார்.

சவிட்டு நாடகத்தோடு நம் கடன் முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் இசை நாடகக் குழுக்கள் மலையாள நாட்டில் சுற்றி ஆடியபோது, அவற்றைப் பார்த்தே மலையாளத்தில் சங்கீத நாடகம் பிறந்தது. டி. சி. அச்சுத மேனோன் எழுதிய 'சங்கீத நைஷதம்' 1892 இல் வந்தது. அந்த மேடை மரபில் வளர்ந்த பாடக நடிகர்களுள் ஒருவர் நம் கோட்டைக் கொச்சி அகஸ்டின் ஜோசப் பாகவதர். 1940 இல் பிறந்த அவர் மகனை அறியாத தமிழ் வீடு இராது, அவர்தாம் கே. ஜே. யேசுதாஸ். மகன் பாட்டைக் கேட்டு உருகும் நாம், தகப்பனார் நின்ற மேடை நம் மேடையின் கிளை என்பதை எண்ணியதில்லை. இதைப் பற்றிப் பிறிதோர் இதழில் விரிவாக எழுதுவோம்.

இனி, செயற்குழுவிற்கு நம் வேண்டுகோள். ஆசான் தம் மாணாக்கர் அறுவருடன் ஆண்டு விழாவிற்கு வந்து அரை மணி நேரம் ஆடிக் காட்ட இசைந்துள்ளார். கூலி கேட்கவில்லை; வண்டிச் சத்தமும் சாப்பாடும் போதும் என்றார். நாம் அதற்கு மேலும் தரவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நம் குழந்தைகளுள் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்க வல்லவர் சிலரை, மாதம் இரு ஞாயிறுகளில் நாம் அக்கரைக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். ஆசான் படிப்பார், பிள்ளைகள் தமிழெழுத்தில் எழுதுவார்கள். நம் மூத்த மகள் நான்காம் வகுப்பு. தமிழெழுத்து இருநூற்று நாற்பத்தேழும் அவளுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. ஆயினும் அவள் பெயரை முதலில் எழுதிவிட்டோம். பழைய நிகண்டு, அகராதி வைத்திருப்போர் இரவல் தந்தால் அந்த ஒன்பது சொற்களுக்கும் ஒரு வழி பிறக்கலாம்.

மற்றொன்று. நம் மண்டபத்தின் மேடை சிமெண்ட் மேடை. அதில் சவிட்டு ஒலிக்காது என்று ஆசான் முன்கூட்டியே சொல்லிவிட்டார், கால்களும் கெடுமாம். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலத்திற்குப் பலகையும், கீழே தாங்க முட்டுக் கட்டைகளும் வேண்டும். மரக்கடை நடத்தும் அன்பர்கள் ஒருநாளைக்கு இரவலாகத் தரக்கூடுமானால், இம் மாதம் முடிவதற்குள் நம்மிடமோ செயலாளரிடமோ தெரிவிக்கவும். ஆணியடிக்காமல், கயிற்றால் பிணைத்தே மேடை அமைத்து, பலகைகளைச் சேதமின்றித் திருப்பித் தருவதாக ஆசான் வாக்களித்திருக்கிறார்.