மணிக்கணக்கில் விற்கப்படும் வானம்

விடாமுயற்சி இருந்தால் ஏழையும் விமானியாகலாம் என்று உபதேசிக்கும் கட்டுரைகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. பகலெல்லாம் உழை, குடும்பத்தைக் காப்பாற்று, மிஞ்சியதைச் சேர்த்துப் பறக்கக் கற்றுக்கொள் என்பதே அவற்றின் சாரம். மாத்தளை மாவட்டத்து நாலந்தாவில் கரும்பலகையின் முன் நின்று பழகிய நமக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை, சினமே வருகிறது.

நம்மிடம் படித்த இளைஞர் ஒருவர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் கணக்கெழுதுகிறார். தாயும் இரு தங்கையரும் அவர் சம்பளத்தை நம்பியிருக்கின்றனர். கணிதத்தில் வல்லவர். பறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு எந்த வழியைக் காட்டுவது?

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிகள் 200 மணி நேரப் பறப்பைக் கேட்கின்றன; அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாயின் 150. செலவோ பல பத்து இலட்சம் ரூபாய். விமானமும் உதிரிப்பாகமும் எரிபொருளும் டொலருக்கு வாங்கப்படுபவை. 2022இல் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது, வயிற்றைக் கட்டிச் சேமித்தவனின் பணம் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிற்று. தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 1350 ரூபாய். 25 நாள் வேலை கிடைத்தாலும் மாதம் 33,750. இதில் எதை மிச்சம் பிடிப்பது?

சிறுகச் சிறுகக் கட்டிப் பறக்கலாமே என்பர். இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. பறத்தல் கைப்பழக்கம். பணம் தீர்ந்து மூன்று மாதம் விட்டவர் திரும்பி வந்து, முன்பு கற்ற தரையிறக்கத்தையே மறுபடி காசு கொடுத்துக் கற்கிறார். வசதியுள்ளவன் தொடர்ந்து பறந்து விரைவில் முடிக்கிறான். வறியவன் ஒரே பாடத்துக்கு இருமுறை கட்டணம் செலுத்துகிறான். இரவு வேலை முடித்துக் கண்ணெரிய வருபவனைக் காலையில் விமானமோட்ட விடுவது அபாயம் என்பதையும் எந்த உபதேசியும் சொல்வதில்லை. வங்கிக் கடனா? வங்கி ஈடு கேட்கும். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் லயன் அறைக்கு உறுதி பெறாத குடும்பம் எதை ஈடு வைக்கும்?

அரிசிக்கே அல்லாடும் நாட்டில் விமானிப் பயிற்சிக்கு அரசுப் பணமா என்று சிலர் கேட்கக்கூடும். 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோதும் பணம் எங்கே என்றுதான் கேட்டார்கள். பேராதனையில் மருத்துவரை மக்கள் பணத்தில் உருவாக்குகிறோம். சீனக்குடாவில் விமானப்படைக்கும் அப்படியே. போர்ச் சிறகுக்குத் திறைசேரி. பயணிகளைச் சுமக்கும் சிறகுக்கு மட்டும் தகப்பன் பணமா? அரசுக்குச் சொந்தமான விமான சேவையின் நட்டத்தை மக்களே சுமக்கின்றனர். 2024 முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரியில், விமானத்தில் காலே வைத்திராத கொழுந்து பறிக்கும் பெண்ணின் காசும் இருக்கிறது.

நம்மூரையே பாருங்கள். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த நாலந்தா கெடிகேயை 1970களில் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் கட்டினார்கள். நல்ல காரியம், குறை கூறவில்லை. மனம் வைத்தால் வழி பிறக்கிறது என்பதற்குச் சொல்கிறோம்.

1961 டிசம்பரில் இலங்கைக்கு வந்த யூரி ககாரின் தச்சரின் மகன். வார்ப்படத் தொழில் பயின்றவர். 1955இல் சரத்தோவ் நகரில் தொழிற்கல்வி கற்றபடியே அங்கிருந்த பறப்புக் கழகத்தில் பறக்கப் பழகினார். அக்கழகங்களுக்குப் பின்னால் இராணுவ நோக்கம் இருந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தச்சரின் வீட்டை விற்கச் சொல்லவில்லை. முதலாளித்துவ அமெரிக்காவே 1939 முதல் கல்லூரி மாணவருக்கு அரசுச் செலவில் பறக்கக் கற்பித்தது.

தேசிய விமான சேவை தனக்கு வேண்டிய பயிலுநரைப் பொதுப் பரீட்சையால் தேர்ந்து, பயிற்சிக் காலத்தில் அவர்தம் வீட்டில் அடுப்பெரிய உதவித்தொகை வழங்கி, செலவைப் பின்னர் சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கட்டும். நமது ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வுக் கோரிக்கையோடு இதனையும் எழுதி அனுப்ப வேண்டும். கூடவே, அப்பரீட்சைக்கு வேண்டிய பௌதிகத்தையும் ஆங்கிலத்தையும் கற்பிக்கக் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஆசிரியரை அனுப்பும்படியும்.