பதிலும் ஓர் அமானிதம்



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்தால் எங்கள் சம்மாந்துறையில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருப்பதில்லை. மருத்துவத்துக்கு எத்தனை பேர், பொறியியலுக்கு எத்தனை பேர் என்று பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் கணக்குப் பார்ப்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளின் படங்களோடு சந்திகளில் பெனர்கள் ஏறும். மகிழ்ச்சியான காரியந்தான். ஆனால் அதே வாரத்தில் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு, சாப்பிட வராமல் படுத்திருக்கும் பிள்ளைகளும் அதே தெருக்களில்தான் இருக்கின்றார்கள்.

இடம் கிடைத்து விட்டது என்ற செய்தியும், கிடைக்கவில்லை என்ற செய்தியும் நம் பிள்ளைகளை எப்படி வந்தடைகின்றன? அதனைச் சொல்லும் ஒழுங்கு ஒன்று இருக்கின்றதா? இம்மாதம் இதைப் பற்றிச் சிந்திப்போம்.

செய்தி வரும் வழி

முன்னர் பெறுபேறுகள் தபாலில் பாடசாலைக்கு வரும். அதிபர் அதை அறிவித்தல் பலகையில் ஒட்டுவார். கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்துத்தான் பிள்ளை தன் பெறுபேற்றை அறிந்து கொள்ள வேண்டும். நான்கு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி வரும் மொத்தத்தை வைத்தே பல்கலைக்கழகத் தெரிவு நடைபெற்றது. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பாடங்கள் மூன்றாகின. புள்ளிகளின் மொத்தத்துக்குப் பதிலாக 'இசட்' புள்ளி வந்தது. பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறுபடுவதால், ஒரு பிள்ளை தன்னோடு அதே பாடத்தை எழுதியவர்களுக்குள் எந்த நிலையில் நிற்கின்றது என்பதைக் காட்டும் கணக்கு அது.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே நாடு முழுவதற்குமான தெரிவைச் செய்கின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடங்கள் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அந்தப் பதினாறில் எங்கள் அம்பாறையும் ஒன்று. தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது.

ஆகவே நம் பிள்ளைகளுக்குச் செய்தி இரண்டு தடவை வருகின்றது. முதலாவது, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் பெறுபேறு. இரண்டாவது, பல மாதங்கள் கழித்து வரும் வெட்டுப்புள்ளி. தெரிவான பிள்ளைக்கு, இன்ன பல்கலைக்கழகம், இன்ன கற்கைநெறி, இன்ன திகதிக்குள் பதிவு செய்க என்று அறிவித்தல் கிடைக்கின்றது. தெரிவாகாத பிள்ளைக்கு அப்படியொன்று வருவதில்லை. வெளியான பட்டியலில் தன் மாவட்டத்துக்குரிய எண்ணைத் தேடி, தன் புள்ளியோடு ஒப்பிட்டு, தனக்கு இல்லை என்பதைத் தானே கண்டு கொள்ள வேண்டும். சில பிள்ளைகள் நாலாவது தசமத்தில் தவறிப் போவார்கள். பின்னர் வெற்றிடங்கள் நிரப்பப்படுமே என்ற நம்பிக்கையில் இன்னும் சில மாதங்கள் கழியும். மறுபடி பரீட்சை எழுதுவதா, வேறு படிப்புக்குப் போவதா என்று முடிவெடுக்க முடியாமல் பிள்ளை நடுவில் நிற்கும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த முறையில் முகம் பார்ப்பதில்லை, சிபாரிசு இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்ற காரணம் எண்ணாகக் கண்முன் இருக்கின்றது. ஆனால் அந்த எண்ணே பிழைத்தால் என்னவாகும் என்பதையும் நாடு கண்டது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் எழுதினார்கள். இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012 ஜூன் மாதத்தில் அந்தக் கணிப்பு இரத்தாகி, இரு பிரிவினருக்கும் வேறு வேறாகக் கணிக்குமாறு உத்தரவாகியது. ஆறு மாதமாக ஒரு நிலையை நம்பியிருந்த வீடுகளில் நிலைமை ஒரே நாளில் மாறியது. பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய செய்தியை வெளியிடுபவர், அது சரியானதா என்று முதலில் உறுதி செய்து கொள்ளக் கடமைப்பட்டவர் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

பிரித்தானியாவில் உயர்தரப் பெறுபேறு வரும் அன்றே, கேட்ட இடம் கிடைக்காத மாணவருக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு இடம் மீதமிருக்கின்றது என்ற பட்டியல் முன்னால் இருக்கும். அவரே தொலைபேசி எடுத்துக் கேட்கலாம். 'இல்லை' என்ற செய்தியோடு அடுத்த வழியும் சேர்ந்தே வருகின்றது. நாம் கவனிக்க வேண்டிய விடயம் இது.

உஹதில் திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள்

கேட்டு வருபவரை விரட்டக் கூடாது என்று சூரத்துள் ளுஹா கட்டளையிடுகின்றது. அறிவைத் தேடிக் கேட்டு வருபவரும் இதில் அடங்குவார் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கியுள்ளார்கள். கேட்ட அனைவருக்கும் கொடுக்க முடியாது. ஆனால் கொடுக்க முடியாத போது எப்படிச் சொல்வது என்பதற்கும் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலே முன்மாதிரி உண்டு.

உஹத் யுத்தத்துக்குப் புறப்பட்ட போது சிறுவர்கள் பலர் தங்களையும் சேர்த்துக் கொள்ளும்படி வந்து நின்றார்கள். அவர்களில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். வயது பதினான்கு. நபியவர்கள் அவரைப் பார்த்தார்கள், அனுமதிக்கவில்லை. பின்னர் அகழ் யுத்தத்தின் போது பதினைந்து வயதில் மீண்டும் வந்தார், அனுமதித்தார்கள். இதை இப்னு உமர் (ரலி) அவர்களே பிற்காலத்தில் அறிவித்திருக்கின்றார்கள். மறுக்கப்பட்டதை வெட்கமாக மறைக்கவில்லை. அந்த மறுப்பு அவரை அவமதிக்கவில்லை என்பதற்கு அவர் சொன்ன அந்த அறிவிப்பே சாட்சி.

அதே நாளில் ராபிஃ பின் கதீஜ் (ரலி) என்ற சிறுவர் அம்பெய்வதில் வல்லவர் என்று எடுத்துச் சொல்லப்பட்டதால் சேர்த்துக் கொள்ளப்பட்டார். ஸமுரா பின் ஜுன்துப் (ரலி), 'ராபிஃயை நான் மல்யுத்தத்தில் வீழ்த்துவேனே' என்ற கருத்தில் முறையிட்டார். அதுவும் காதுகொடுத்துக் கேட்கப்பட்டது, மல்யுத்தம் நடந்தது, அவரும் அனுமதிக்கப்பட்டார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இங்கே பாருங்கள்: நேருக்கு நேர் பதில் கிடைத்தது. காரணம் தெளிவாக இருந்தது. முறையீட்டுக்கு இடமிருந்தது. அடுத்த முறை வாசல் திறந்திருந்தது. ஒரு நிறுவனம் கற்றுக் கொள்ள வேண்டிய அனைத்தும் இந்த நான்கில் இருக்கின்றன.

நமது அறபுக் கல்லூரிகளில்

அரசாங்கத்தைக் குறை சொல்வது இலகு. நாமே நடத்தும் அறபுக் கல்லூரிகளையும் பெண்கள் மத்ரஸாக்களையும் எடுத்துக் கொள்வோம். குர்ஆன் ஓதவைத்துப் பார்க்கின்றோம். எழுத்துப் பரீட்சை வைக்கின்றோம். நேர்முகத்துக்கு வாப்பாவையும் உம்மாவையும் கூட அழைக்கின்றோம். பிறகு, 'தெரிவானவர்களுக்கு மாத்திரம் அறிவிக்கப்படும்' என்று ஒரு வரி.

மற்றவர்களின் நிலை என்ன? தூர ஊரிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்த தாய், ஒவ்வொரு நாளும் தொலைபேசியைப் பார்த்துக் கொண்டிருப்பாள். பாடசாலையை விட்டு மகளை விலக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஒரு மாதம் கழிந்த பின் அறிந்தவர் ஒருவரிடம் விசாரித்து, 'வகுப்புத் தொடங்கி விட்டதாமே' என்று கேள்விப்படுவாள். சில இடங்களில் சிபாரிசோடு வருபவர்களுக்காக இடத்தைக் காத்து வைப்பதாலும் பதில் தாமதமாகின்றது. இது தாமதம் மாத்திரமல்ல, அநீதியுமாகும்.

நாற்பது பிள்ளைகளுக்குப் பதில் எழுதுவது பெரிய வேலையா? 'உங்கள் மகள் இம்முறை தெரிவாகவில்லை. ஓதல் நன்றாக இருந்தது. எழுத்தில் இன்னும் பயிற்சி வேண்டும். அடுத்த வருடமும் வயது இடம் தருகின்றது. விண்ணப்பிக்கலாம்' என்று நான்கு வரி போதும். பரீட்சை நாளிலேயே இன்ன திகதிக்குள் எல்லோருக்கும் பதில் வரும் என்று சொல்லி, அந்தத் திகதியைக் காப்பாற்ற வேண்டும். வாக்கு மாறுவது எப்படிப்பட்ட குணம் என்பதை அந்தக் கல்லூரிகளில்தானே கற்பிக்கின்றோம்! தெரிவாகாதவர்களின் பெயர்களையோ புள்ளிகளையோ ஊர் பார்க்கும்படி ஒட்டவும் கூடாது.

வீட்டுக்குள் செய்தி

இனி நம் வீடுகள். இன்று பெறுபேறு கைத்தொலைபேசியில் வருகின்றது. பிள்ளையின் சுட்டெண் மாமியிடம், சாச்சியிடம், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் என்று பலர் கையில் இருக்கின்றது. பிள்ளை பார்ப்பதற்கு முன் ஊர் பார்த்து விடுகின்றது. அது அவளுடைய செய்தி. அவளே முதலில் பார்க்கட்டும். சுட்டெண்ணும் ஓர் அமானிதமே.

தபூக் யுத்தத்துக்குச் செல்லாமல் தங்கிவிட்ட கஃப் பின் மாலிக் (ரலி) அவர்கள் ஐம்பது இரவுகள் தீர்ப்புக்காகக் காத்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். அவர்களின் தௌபா ஏற்கப்பட்ட வஹி இரவின் பிற்பகுதியில் வந்தது. நபியவர்கள் அப்போது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வீட்டில் இருந்தார்கள். உடனே ஆளனுப்பி அவருக்கு நற்செய்தி சொல்லட்டுமா என்று அன்னையவர்கள் கேட்டார்கள். சொன்னால் மக்கள் திரண்டு வந்து உங்களைத் தூங்க விடமாட்டார்கள் என்ற கருத்தில் பதிலளித்து, ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின்னரே நபியவர்கள் அதை அறிவித்தார்கள். நல்ல செய்திக்கே நேரம் பார்க்கப்பட்டிருக்கின்றது என்றால், நடுநிசியில் வரும் மனம் நோகும் செய்திக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்!

கஃப் (ரலி) அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து விரைந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதைக் கடைசி வரை மறக்கவில்லை என்கிறார் கஃப். தெரிவான பிள்ளையை வாழ்த்தும் போது அப்படி மனந்திறந்து வாழ்த்துங்கள்.

மனம் நோகும் செய்தியைச் சொல்ல உம்மு ஸுலைம் (ரலி) அவர்களைப் பாருங்கள். குழந்தை மரணித்த அன்று, கணவர் அபூதல்ஹாவுக்கு யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்கின்றேன் என்று வீட்டாரைத் தடுத்தார்கள். உணவு கொடுத்து ஆறுதல்படுத்திய பின்னரே, இரவல் கொடுத்தவர் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று பேச்சைத் தொடங்கினார்கள். சொல்பவரும் நேரமும் வார்த்தையும் பொருத்தமாக அமைந்தன. நம் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அதைப் பற்றி முதலில் பேசுபவர் உம்மாவாக இருக்கட்டும். அன்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் அந்த வீட்டில் எடுபடாதிருக்கட்டும்.

அந்த வாரத்திலேயே, 'இனிப் படித்தது போதும், மாப்பிள்ளை பார்ப்போம்' என்று பெண் பிள்ளைக்கு முடிவு சொல்லும் வீடுகளும் உண்டு. சகோதரிகளே, திருமணம் நல்ல காரியம். ஆனால் அதைத் தோற்றதற்குரிய தண்டனை போலப் பிள்ளையின் முன் வைக்காதீர்கள். ஆணைக்குழு சொன்னது, கேட்ட கற்கைநெறிக்கு இவ்வருடம் இடமில்லை என்று மாத்திரமே. படிப்பே இல்லை என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்?

உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. சம்மாந்துறையிலேயே உயர் தொழினுட்பவியல் நிறுவகம் இருக்கின்றது. 1980 முதல் இயங்கும் திறந்த பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தபடியே பட்டம் வரை படிக்கலாம். அதற்கு வெட்டுப்புள்ளி இல்லை. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பித்து, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகி, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்த பின், தூரத்தைக் காரணம் காட்டிப் பெண் பிள்ளைகளை நிறுத்திய காலமும் மாறியது. இவற்றின் விண்ணப்பத் திகதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொள்ளுங்கள். செய்தி வரும் நாளில் பிள்ளையின் முன் வைக்க அடுத்த வழியும் உங்கள் கையில் இருக்கும்.

நாம் வெறுக்கும் ஒன்றில் நன்மை இருக்கலாம், விரும்பும் ஒன்றில் தீமை இருக்கலாம் என்பது குர்ஆன் நமக்குத் தரும் பாடம். அதைப் பிள்ளை அழுது ஓய்ந்த பின் சொல்லுங்கள். அழுகையை நிறுத்துவதற்காகச் சொல்லாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தெரிவு செய்யும் பொறுப்பிலுள்ளோருக்கு நீதியையும், செய்தி சொல்லும் நம் நாவுகளுக்கு மென்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.