வண்டைக் காட்டும் எக்ஸ்ரே, விஷத்தைக் காட்டுமா?

ஆனி, ஆடியில் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நீலம் மாம்பழம் வாங்கியிருப்பீர்கள். தோல் பளபளவென்று இருக்கும், ஒரு ஓட்டைகூட இருக்காது. ஆசையாக நறுக்கினால், கொட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு வண்டு நிதானமாக நடந்து வரும்! போன வருஷம் எங்கள் வீட்டில் இப்படித்தான். மிச்சமிருந்த பழங்களையும் குப்பையில் கொட்டிவிட்டாள் மருமகள். "குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது அத்தை?" என்றாள்.

அவள் பயப்பட்டதில் தப்பில்லை. ஆனால், பயப்பட வேண்டிய இடம் வேறு.

ஓட்டையே இல்லாமல் எப்படி உள்ளே போச்சு என்கிறீர்களா? மாங்காய் பிஞ்சாக இருக்கும்போதே கூன்வண்டு அதன் தோலில் முட்டையிடுகிறது. புழு துளைத்துக்கொண்டு கொட்டைக்குப் போய்விடும். காய் பெருக்கும்போது துளை மூடிக்கொள்கிறது. பிறகு அதன் சாப்பாடெல்லாம் பருப்புதான். ஆகவே கொட்டையை எறிந்துவிட்டு, கெடாத சதையைத் தாராளமாகச் சாப்பிடலாம். விஷ வண்டு இல்லை அது.

வெட்டாமலே இதைக் கண்டுபிடிக்க முடியும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1995-லேயே மாம்பழத்தை எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டார்கள். வண்டு அரித்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். எக்ஸ்ரே பட்ட பழத்தில் கதிர்வீச்சு எதுவும் தங்காது. ஏற்றுமதிக்கு இது நல்ல உதவிதான். வெளிநாட்டுக்காரர்கள் வயிற்றுக்காகப் பயப்படவில்லை, வண்டு தங்கள் தோட்டத்துக்குள் புகுந்துவிடுமோ என்றுதான் பயம். 2007-ல் நம் மாம்பழத்தை மறுபடி அனுமதித்தபோது அமெரிக்கா கதிர்வீச்சு சிகிச்சையைக் கட்டாயமாக்கியதும் இந்தப் பூச்சிப் பயத்தால்தான்.

நம் மார்க்கெட்டுக்கும் அப்படியொரு மெஷின் வேண்டுமா? என்னைக் கேட்டால், முதல் செலவு அதுவாக இருக்கக் கூடாது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததையோ, தோலில் ஒட்டியிருக்கும் மருந்தையோ எக்ஸ்ரே காட்டாது. கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது; அதில் ஆர்சனிக் கலந்திருக்கலாம். மண்டியிலேயே பிடித்துப் பரிசோதிக்க ஆட்களும் லேபும் வேண்டும். நாமோ வண்டைப் பார்த்து அலறுகிறோம், மஞ்சள் நிறத்தைப் பார்த்து மயங்குகிறோம். 'பூச்சியே இருக்கக் கூடாது' என்று நாம் அடம்பிடித்தால், தோட்டக்காரர் இன்னும் இரண்டு தடவை மருந்தடிப்பார். அதுவும் நம் வீட்டுத் தட்டுக்குத்தானே வரும்?

இதே சைதாப்பேட்டையில் 1868-ல் ஆரம்பித்த விவசாயப் பள்ளிதான் 1906-ல் கோவைக்குப் போய், பின்னால் வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வேளாண் துறையினர் சொல்லும் வைத்தியத்துக்கு மெஷினே வேண்டாம். உதிர்ந்த பழத்தின் கொட்டையிலிருந்து வெளியே வரும் வண்டு, மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருந்து அடுத்த பூப்புக்குக் காத்திருக்கும். உங்கள் கொல்லையில் மாமரம் இருந்தால், விழுந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கி, கொட்டையோடு ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.